முட்டி இடிக்காத வண்டி

வெள்ளிக்கிழமை.

போன வாரமே என் வீட்டுக்காரர் உழவர்கரைக் கடைக்குத் தனியாகப் போய் ஒரு மினி டிராக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ஒக்காந்து பாத்தேன், சோபா மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு இருக்கும். ஓட்டப்போவது நான். அவரைவிட ஒரு சாண் உயரம்.

இன்று ஏறி உட்கார்ந்தால் இரண்டு முட்டியும் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. "பழகிடும் மேடம்" என்றார் சேல்ஸ்மேன். வாழை வரிசைக்குள் போகச் சின்ன வண்டிதானே வேண்டும்? "பரவாயில்ல" என்று நானும் சொல்லிவிட்டேன்.

இவர் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லன்னா வேணாம். எறங்கு."

அகலம் கூடாமல், சீட்டைப் பின்னால் தள்ள முடிகிற வண்டி ஒன்று கடைசியில் கிடைத்தது. காலை நீட்டினேன். இடிக்கவில்லை. அதையே புக் பண்ணினோம்.

போட்டோ எடுக்கும்போது சேல்ஸ்மேன், "சார், நீங்க மேல ஒக்காருங்க" என்றார். "ஓட்டப்போறது அவ, அவளே ஒக்காரட்டும்" என்று இவர் கீழே சக்கரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

எங்கள் கல்யாண போட்டோவில் இவரைவிட உயரமாகத் தெரியக்கூடாது என்று புடவைக்குள் முட்டியை மடக்கித்தான் நின்றேன். யாருக்கும் தெரியாது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

வரும் வழியில் பைக்கை ஓட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்:

"இந்த போட்டோல முட்டிய மடக்கல இல்ல?"