வகுப்பில் வாசித்த கடிதம்

பெண்கள் சிறை
12.6.2024

அன்புத் தங்கச்சி வேல்விழிக்கு, அக்கா இசக்கியம்மாள் என் கையாலேயே எழுதுதது.

சிரிக்காமப் படி. ஒரு வெக்கக்கேடு பண்ணிட்டேன். இங்க எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்குத வகுப்புல, வீட்டுல இருந்து வந்த கடிதத்தை வாசிக்கச் சொன்னாங்க டீச்சர். நீ எங்க போட்டே? அதனால உன் பேர்ல நானே எனக்கு ஒண்ணு எழுதி வாசிச்சுட்டேன். அதுல நீ என்னை ரொம்பப் புகழ்ந்திருக்கே. கடைசியில 'சீக்கிரம் வந்திரு அக்கா'ன்னும் எழுதியிருக்கே. எல்லாரும் கை தட்டினாளுவ. பக்கத்துப் பாயில படுக்குத ஜெபமலர் மட்டும், "ஏக்கா, உன் தங்கச்சி கையெழுத்தும் உன்னது மாதிரியே கோணலா இருக்கே"ன்னா. ஒரே வயித்துப் பிள்ளைகன்னு சொல்லிட்டேன்.

ஏட்டி, இப்ப நெசமாவே ஒரு காரியம். எட்டு வருசம் ஒழுங்கா இருந்ததுக்காக என்னை முன்கூட்டியே விடலாமான்னு பாக்குதாங்க. விசாரிக்க ஒரு ஆபீசர் உன் வீட்டுக்கு வருவார். 'எங்க வீட்ல வச்சுக்கிடுதோம்'னு நீ சொன்னாப் போதும். எனக்கு வேற வீடு ஏது? நான் அடிச்ச அடியில என் வீட்டுக்காரர் போய்ச் சேந்தாச்சு. அவர் ஆளுக என் முகத்துல முழிக்க மாட்டாங்க. அது நியாயம்தான்.

சும்மா இருந்து சாப்பிட மாட்டேன். இங்க தையல் படிச்சு சர்ட்டிபிகேட் வாங்கிட்டேன். குத்தாலத்துல உங்க பழக்கடை ஓரமா ஒரு மிஷினைப் போட்டுக்கிடுதேன். அருவியில குளிக்க வாரவன் வேட்டி கிழியாமலா போவான்?

சாரல் உண்டா? இங்க சுவத்துக்கு மேல மேகம் மேக்க இருந்து வருது. உன் வீட்டைத் தாண்டித்தானே வந்திருக்கும்னு பாத்துக்கிட்டே நிப்பேன்.

இதைப் படிச்சுப் பாத்து அனுப்புத மேடத்துக்கும் வணக்கம்.

உன் அக்கா
இசக்கியம்மாள்


தென்காசி
30.6.2024

அக்காவுக்கு வேல்விழி எழுதுவது. இங்க எல்லாரும் சுகம்.

உன் கையெழுத்தை இப்பத்தான் முதல்ல பாக்கேன். திரும்பத் திரும்பப் படிச்சேன். 

ஆபீசர் வந்தார். நம்ம அபிக்கு சிவகிரியில மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்கு. அவங்ககிட்ட, பொண்ணோட பெரியம்மா மஸ்கட்டுல வீட்டு வேலை பாக்கான்னு சொல்லி வச்சிருக்கோம். எங்க வீட்டுக்காரவுக "வைக்க முடியாது சார்"னுட்டாக. "நீங்க என்னம்மா சொல்லுதிய?"ன்னு ஆபீசர் என்னைக் கேட்டார். நான் காப்பி போடுதேன்னு உள்ள போயிட்டேன்க்கா. வெளிய வரும்போது அவர் போயிட்டார்.

இனி வீட்டுக்குக் கடிதம் போடாதே. தபால்காரர் எல்லார் முன்னாலயும் குடுக்கார். கவர்ல ஜெயில் முத்திரை இருக்கு. என்னை வையாதே.

சாரல் நல்லா விழுது.

வேல்விழி


பெண்கள் சிறை
8.7.2024

அன்பு வேல்விழிக்கு,

நீ சொன்னபடி தபால்ல போடலை. ஜெபமலருக்கு விடுதலை. செங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போக அவ அண்ணன் வாரான். மேடத்துட்ட கேட்டுத்தான் அவ கையில குடுத்திருக்கேன். பழம் வாங்குத மாதிரி கடைக்கு வருவா. மங்குஸ்தான் நல்லதாப் பாத்துப் போடு. அழுகலைக் கலந்தா சும்மா விட மாட்டா, அவளும் அடிதடி கேஸ்தான்.

மஸ்கட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல. சம்மந்தக்காரங்க கேட்டா, லீவு குடுக்கலைன்னு சொல்லு. அதுல பொய் கிடையாது. அபிக்குக் கல்யாண ரவிக்கை நானே தைக்கணும்னு நெனச்சிருந்தேன். பள்ளிக்கூடச் சட்டை அளவுதான் எனக்குத் தெரியும்.

உன்னை வைய மாட்டேன்ட்டி. அந்தக் காப்பியை ஆறவிட்டு நீயேதான் குடிச்சிருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை? இனி எழுதலை. பிள்ளைய நல்லாக் கட்டிக் குடு.

நேத்து வகுப்புல டீச்சர், "தங்கச்சி கடிதம் வந்திருக்காமே, வாசிங்க"ன்னாங்க. எந்திரிச்சு நின்னு வாசிச்சேன். ஆபீசர் கேட்டதும் நீ "எங்க அக்கா எங்க வீட்லதான் இருப்பா"ன்னு சொன்னதா வாசிச்சேன். கடை ஓரமா மிஷினுக்கு இடம் ஒதுக்கிட்டதா வாசிக்கும்போது டீச்சர் எந்திரிச்சு வந்து, கடிதத்தை வாங்கி, நேராத் திருப்பி என் கையில குடுத்தாங்க. தலைகீழாப் பிடிச்சிருந்திருக்கேன். மிச்சத்தையும் வாசிச்சு முடிச்சேன்.

அக்கா