கட்டில் கடைச் சாவி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் இடுப்பையும் போலீஸ் குடியிருப்புக் கூரையையும் தவிர இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது, நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. இதைச் சொல்லத்தான் இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டு தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கூரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ படுத்துப் படிக்கிற மூலையில் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. மனு கொடுக்கப் போனால், யார் தலையிலயாவது விழுந்துச்சா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்ப அவசரம் இல்ல என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த தடவ நானே அங்க படுத்துக்கறேன், அப்பவாவது வராங்களான்னு பாப்போம் என்கிறார் உன் அப்பா. லேத் பட்டறை மூடியதிலிருந்து அவருக்குச் சமையலும் இந்தப் பேச்சும்தான் வேலை. சமையல் பரவாயில்லை.

உன் ஹாஸ்டல் அறைப் பெண்கள் ஏதோ ஒரு போலீஸ்காரர் லஞ்சம் வாங்குகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, உங்கம்மாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுடி தேறும் என்று சிரித்ததையும், எங்கம்மா பத்து பைசா தொட்டதில்லை என்று நீ சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனதையும் பெருமையாகச் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்னது பொய் இல்லை கண்ணு, பைசா தொட்டதில்லை. ஆனால் நான் வாங்கினேன். பணமாக வாங்கவில்லை, ஒரு சாவியாக வாங்கினேன்.

நான் டிராஃபிக் டியூட்டி பார்க்கும் நாலு ரோடு சந்திப்பு உனக்குத் தெரியும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. காலையில் போய் நின்றால் சாயங்காலம் வரை அங்கேதான். பாத்ரூம் என்றால் ஸ்டேஷனுக்குப் போய்வர பஸ் பிடிக்க வேண்டும், போயிருக்கும் நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதரின் கார் நெரிசலில் மாட்டினால் எனக்கு மெமோ. அதனால் காக்கி போட்ட பெண்கள் யாரும் டியூட்டி நேரத்தில் தண்ணீர் குடிக்கமாட்டோம். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, முதல் மாதமே தானாகப் பழகிவிடும். மாதவிலக்கு நாட்களில் நின்றதை எழுதாமல் விட்டுவிடுகிறேன். நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிட்னியில் கல் வந்ததை உன்னிடம் சொல்லவில்லை. தண்ணியே குடிக்கறதில்லையாம்மா என்று டாக்டர் திட்டினார். யூனிஃபார்ம்ல குடிக்கறதில்ல சார் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சந்திப்புப் பக்கத்தில் ஒரு கழிப்பறைக்கு ஏற்பாடு பண்ணுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். வீட்டுலயே முடிச்சிட்டு வரவேண்டியதுதானேம்மா என்றார், ஸ்டேஷனே சிரித்தது.

சந்திப்பு முனையில் ஒரு கட்டில் கடை இருக்கிறது, பீரோ, நாற்காலி எல்லாம் விற்பார்கள். அங்கே வேலை செய்கிற பெண் ஒருநாள் ரோட்டைத் தாண்டி வந்து என் கையில் சிவப்பு நூல் கட்டிய ஒரு சாவியை வைத்தாள். அக்கா, பின்பக்கம் எங்க பாத்ரூம் இருக்கு, முதலாளி குடுக்கச் சொன்னாரு, எப்ப வேணா வாங்க என்றாள். போனேன். குழாயில் தண்ணீர் வந்தது, ஒரு கண்ணாடி இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதுவிட்டேன். இத்தனை வருட சர்வீசில் எனக்காக யாரும் ஒரு கதவைத் திறந்துவிட்டதில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்தக் கடை லோடு வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டி ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அபராதம் எழுதப் புத்தகத்தை எடுத்தேன். முதலாளி வாசலில் நின்று, வெயில் கொளுத்துதும்மா, தண்ணி நல்லா குடிங்க என்றார். புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டேன். அவ்வளவுதான், பேரம் படிந்துவிட்டது. அப்புறம் வண்டி தினமும் நின்றது, அந்தப் பக்கம் திரும்பாமல் கைகாட்டப் பழகிக்கொண்டேன்.

போன மாதம், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மிதிவண்டியில் லோடோடு வந்தார். நின்றிருந்த கட்டில் கடை வண்டியைச் சுற்றிக்கொண்டு நடு ரோட்டுக்கு ஒதுங்கினார், பின்னால் வந்த பஸ் காலில் ஏறிவிட்டது. ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். சிலிண்டர் உருண்டுடுச்சாம்மா, பாத்துக்கங்க, என் சம்பளத்துல புடிச்சிருவாங்க என்றார். கால் போனது தெரியாமல் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

நேரில் பார்த்த போலீஸ் நான் ஒருத்திதான். வண்டி நின்றது என்று நான் சொன்னால் அவருக்கு நஷ்டஈடு வரும். பாரம் தாங்காமல் அவரே சாய்ந்தார் என்றால் ஒன்றும் வராது. இன்ஸ்பெக்டர் இரண்டாவதையே தயாராக எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக்குக் கூப்பிட்டார். வண்டி நின்னுச்சுன்னா நீ என்ன பூப்பறிச்சிட்டு இருந்தியான்னு உன்னத்தான் மொதல்ல கேப்பாங்க என்றார். அப்புறம் குரலை இறக்கி, ஜீப்புக்குக் குடுக்கற டீசல் பாதி மாசத்துலயே தீந்துடுது, மீதிக்கு யாரு போடறா? பேப்பர் யாரு வாங்கித் தரா? நீ உக்காந்திருக்கியே அந்த நாற்காலி, அதுவும் அந்தக் கட்டில் கடைக்காரரு குடுத்ததுதாம்மா என்றார். சினிமாவாக இருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன். கால் வலி, உட்கார்ந்தேதான் இருந்தேன். அவரும் பொய் சொல்லவில்லை. பேப்பரும் டீசலும் தராமல் ஸ்டேஷனை நடத்து என்கிறவர்களுக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தரவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருக்கு, பேசாம போட்டுட்டு வந்துரு என்றார் உன் அப்பா. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அந்தாளுக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டார். உங்க வயசுதான் என்றேன். காலையில் என் யூனிஃபார்மை அவரே தேய்த்து மாட்டியிருந்தார். போய் என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன். வண்டி நின்றது, தினமும் நின்றது, நான்தான் விட்டேன், இதற்காக விட்டேன் என்று எழுதி, சாவியை அதன்மேல் வைத்தேன். இன்ஸ்பெக்டருக்குக் கோபம்கூட வரவில்லை, சிரித்தார். லஞ்சம்னா பணம்னு எழுதும்மா, கொஞ்சம் மரியாதையாவது இருக்கும், கக்கூஸுக்கு வித்துட்டேன்னு எழுதினா டிபார்ட்மென்ட்டே சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் சார், சிரிக்கறப்பவாவது எங்களுக்கு ஒண்ணு இல்லன்னு தெரியட்டும் என்றேன். சஸ்பெண்ட் பண்ணியிருக்கிறார்கள், விசாரணை நடக்கும். பாதிச் சம்பளம் வரும், சமாளிப்போம், நீ உன் செலவைக் குறைத்து இங்கே அனுப்பக் கிளம்பிவிடாதே. நான் எழுதிக்கொடுத்ததை இனி யாரும் கிழிக்க முடியாது, கால் போனவருடைய வக்கீல் நகல் வாங்கிவிட்டார். அவர் மனைவி ஸ்டேஷன் பெஞ்சில் என்னைப் பார்த்து, வண்டி தினமும் நிக்குமா, தினமும் பாத்தீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

போன வாரம் மழைக்கோட்டையும் விசிலையும் ஒப்படைக்கச் சந்திப்புக்குப் போனேன். மஞ்சள் கோட்டைப் புதிதாக அடித்திருக்கிறார்கள், வண்டியைக் காணோம். என் இடத்தில் புதுப் பெண், உன் வயது, உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. அக்கா, நீங்க இங்க எங்க போவீங்க என்று மெதுவாகக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டில் கடைப் பெண் ரோட்டைத் தாண்டி வந்தாள், கையில் அதே சிவப்பு நூல், புதுச் சாவி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். வாங்காதே என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்ப எங்கக்கா போறது என்று அவள் திருப்பிக் கேட்டால் சொல்ல என்னிடம் ஓர் இடம் இல்லை. அவள் வாங்கிக்கொண்டாள்.

இனி அந்தப் பெண்களிடம் சண்டை போடாதே, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. உங்கம்மா வாங்குவாளா என்று மறுபடி கேட்டால், வாங்கினாள் என்று சொல். என்ன வாங்கினாள் என்பதையும் சேர்த்துச் சொல். நீ யாருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே எழுதச் சொன்னார், கூடவே குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றும் எழுதச் சொன்னார். தண்ணீர் குடி கண்ணு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா