ஜெராக்ஸ் கடைக்காரர் வாசித்த உன் காதல்

அன்புள்ள துரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய முட்டிவலியும் மூவரும் சுகம். உன் சுகத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ கொடுத்துவிட்டுப் போன பழைய போனில் அந்த ஜோடி தேடுகிற ஆப் திறந்தே கிடந்தது, பார்த்துவிட்டேன். பார்த்ததோடு விட்டேனா, நீ எழுதியதெல்லாம் இங்கிலீஷ், எனக்கோ அஞ்சாம் வகுப்போடு சரி, ஜெராக்ஸ் கடைக்காரரிடம் நீட்டி அர்த்தம் கேட்டேன். மனுஷன் நாலு பேர் நிற்கும்போதே சத்தமாக வாசித்துவிட்டு, "ஏம்மா, உங்க பையன் பொண்ணுகிட்ட பேசுறானா, லீவு லெட்டர் எழுதுறானா?" என்று கேட்டார். போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

அதில் உன்னோடு பேசிய மருந்துக்கடைப் பெண் தமிழில்தான் எழுதியிருக்கிறாள். "இன்னைக்கு ஒருத்தர் இருமல் மருந்தை ருசி பாத்துட்டுதான் வாங்குவேன்னுட்டார்" என்று அவள் சொன்னால், நீ இங்கிலீஷில் 'அப்படியா, நல்லது, சாப்பிட்டீர்களா' என்கிறாய். பேசிய மூன்று மாதமும் சாப்பிட்டீர்களா சாப்பிட்டீர்களா, ஏண்டா, அவள் என்ன பட்டினியா கிடந்தாள்? வீட்டில் வாயைத் திறந்தால் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு மூட்டுகிறவன் நீ. தமிழில் எழுதினால் சட்டைக்குக் காஜா எடுக்கிறவள் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்று பயந்தாயோ என்னவோ, அதை நான் கேட்கவில்லை, நீயும் சொல்லாதே.

அவள் பேச்சை நிறுத்தி ஒரு மாதமாகிறது, நீயும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன வாரம் எங்கள் தையல் கம்பெனியில் கரண்டு போய் மெஷினெல்லாம் நின்ற நேரத்தில் உன் பெயரில் நானே தமிழில் எழுதிவிட்டேன், "என்ன, இருமல் மருந்தை நீயே குடிச்சிட்டுத் தூங்கிட்டியா?" என்று. கரண்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. முதலில் வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அதற்குக் கீழே, "உங்களுக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியுமா? முன்னாடியே பேசியிருக்கலாமே. போன ஞாயித்துக்கிழமைதான் வேற இடத்துல சரின்னு சொல்லிட்டேன்." எழுத்துக்கூட்டி நாலு தடவை படித்தேன், நாலு தடவையும் அதேதான் இருந்தது.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஆறுதலெல்லாம் கேலிதான், அதுவும் இன்றைக்கு வரவில்லை. நாளைக்கே இன்னொருத்தி வந்தாலும் நீ சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பாய், பெற்றவளுக்குத் தெரியாதா.

நோய்நொடி அண்டாமல் இரு சாமி. நகத்தைக் கடிக்காதே, போர்வையை வெயிலில் போடு.

இப்படிக்கு,
உன் வாயாடி அம்மா

பின்குறிப்பு: அந்தப் பெண்ணுக்கு 'நல்லா இரும்மா' என்று எழுதப் போனேன். போன் ஏதோ கேட்டது, ஆமாம் என்று அழுத்தினேன். உன் கணக்கு மொத்தமாக அழிந்துவிட்டதாம், அவள் எழுதியதும் சேர்த்து, இனித் திரும்ப வராதாம். மற்றபடி போன் நன்றாக வேலை செய்கிறது.