தீவுக்குத் தனியாக வரும் பெண்கள் கவனத்திற்கு

ஏப்ரல் 11

காலையிலிருந்து மழை. துறைமுகத் தகவல் மையத்துக்கு இரண்டே பேர் வந்தார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். இன்னொருவர் மேயர் ஃபோதிஸ்.

தனியாகப் பயணம் வரும் பெண்களுக்குப் பாதுகாப்புக் குறிப்புகள் எழுதி, ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட வேண்டுமாம். மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

"நீதானே இங்க பொம்பளை, அர்கிரோ. நீயே எழுதிடு. ஆனா பயமுறுத்தாம எழுது. நம்ம தீவுல ஆபத்துன்னு எதுவும் கிடையாது."

அப்புறம் எதற்கு அறிக்கை? கேட்கவில்லை. என் வேலை ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். வருடா வருடம் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுபவர் அவர்.

ஏப்ரல் 13

"அன்புள்ள பயணியே" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். இன்றைய வேலை அவ்வளவுதான்.

ஏப்ரல் 17

காப்பிக் கடையில் பான்டெலிஸ் மாட்டிக்கொண்டார். அல்லது நான் அவரிடம் மாட்டிக்கொண்டேன். எழுபத்தொரு வயது. வாலிபத்தில் கோடைதோறும் கப்பலடியில் நின்று வெளிநாட்டுப் பெண்களுக்காகக் காத்திருந்தவர். அந்தக் கூட்டத்துக்கு ஊரில் 'மீன் ஈட்டிகள்' என்று பெயர். இப்போது பல்செட், முழங்கால் வலி, ஆனாலும் சட்டையில் மேல் பொத்தான் இரண்டு போடுவதில்லை. துண்டறிக்கை விஷயத்தைச் சொன்னேன்.

"இந்தத் தொழில்ல நான் ஓய்வு பெற்றவன், என் கண்ணே. என்னைக் கேக்காம யாரைக் கேப்ப? எழுதிக்கோ. முதல்ல எந்த ஊருன்னு கேப்போம். பதில் சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது. அடுத்தது, 'தனியாவா வந்தீங்க?' அதுக்கு, 'இல்ல, வீட்டுக்காரர் மேல தூங்கறாரு'ன்னு சொல்லணும். அந்த மனுசன் என் பொழப்பை எத்தனை தடவை கெடுத்திருக்கான்! நாப்பது வருசத்துல ஒரு தடவைகூட அவனை நான் கண்ணால பாத்ததில்ல!"

சிரித்துச் சிரித்துக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் சும்மாதான் கேட்டேன். "வேண்டாம்னு சொல்லியும் போகலன்னா?"

அவர் சிரிக்கவில்லை. "வேண்டாம்னு சொன்னா நாங்க போயிடுவோம். போகாதவன் எங்காளு இல்ல. அவனைப் பத்தி எழுது."

ஏப்ரல் 26

பதினொரு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். மேயர் அவற்றில் ஏழு குறிப்புகளை அடித்துவிட்டார். மீந்தவை: தொப்பி அணிக. தண்ணீர் எடுத்துச் செல்க. காற்று பலமாக வீசும் நாளில் தனியாக நீந்த வேண்டாம். கடைசிப் பேருந்து எட்டு மணிக்கு.

அடிபட்டவற்றில் ஒன்று: வண்டி வாடகைக்கு எடுக்கும்போது பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும்.

"இது யாரைச் சொல்றே?" என்றார்.

"யாரையும் இல்ல."

இரண்டு பேருக்கும் தெரியும். இந்தத் தீவில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்பவன் ஒரே ஒருத்தன்: ஸ்கூட்டர் கடை ஆரிஸ். முப்பத்தைந்து வயது. மேயருடைய அக்கா மகன். தனியாக வந்த பெண் என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்தாலும் பாஸ்போர்ட் உடனே கிடைக்காது. முதலில் ஒரு காப்பி, அப்புறம் கடற்கரைக்கு ஒரு சுற்று.

போன வருடம் இரண்டு பெண்கள் இதே புகாரோடு என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். நான் என்ன சொன்னேன்? 'விளையாட்டுக்குச் செய்வான், மனசுல வெச்சுக்காதீங்க.' நானா சொன்னேன்? நான்தான் சொன்னேன்.

மே 9

அறிக்கைகள் அச்சாகி வந்தன. ஏழு குறிப்பு போனதில் கீழே நிறைய வெள்ளை இடம். அதில் என் கைப்பேசி எண்ணை எழுதினேன். 'உதவி வேண்டுமா? அர்கிரோ.' ஐந்நூறு தாள். கட்டை விரல் வீங்கிவிட்டது.

ஜூன் 2

இந்த வாரம் வந்த அழைப்புகள்: வாசலில் ஆடு நிற்கிறது, போக மாட்டேன் என்கிறது. வெந்நீர் வரவில்லை. தட்டில் இருப்பது என்ன மீன்? (கைப்பேசியில் மீனை எப்படிப் பார்ப்பேன்?)

லியோனிலிருந்து வந்த ஒரு பெண் கிசுகிசுப்பாகப் பேசினாள். வீட்டுக்காரம்மா காலையிலிருந்து ஐந்து தடவை சாப்பாடு கொண்டுவந்துவிட்டாள், வெளியே போகவே விடவில்லை, இது ஆபத்தா என்று.

"சாப்பிட்டுடுங்க. வேற வழி இல்ல."

ஜூலை 8

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்கு அழைப்பு. மாரிட் என்று ஒரு பெண், நார்வே. குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. அந்த நிதானமே சரியாகப் படவில்லை. ஸ்கூட்டரைக் காலையிலேயே கொடுத்துவிட்டாளாம். பாஸ்போர்ட்டைக் கேட்டால், சாப்பிட வா, தருகிறேன் என்கிறானாம். ஆறு மணிக்கு அவளுக்குக் கப்பல்.

தகவல் மையத்தை இழுத்துப் பூட்டினேன். வழியில் ரொட்டிக்கடை லெமோனியாவைக் கூப்பிட்டேன். கையில் மாவோடு அப்படியே வந்தாள். யாரும் கூப்பிடாமல் பான்டெலிஸும் வந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

கடைக்குள் போய் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாரிட் நின்றுகொண்டிருந்தாள்.

"பாஸ்போர்ட்டைக் குடு, ஆரிஸ்."

"அக்கா, நீங்க எதுக்கு நடுவுல? அவளே வர்றேன்னுதான் சொன்னா. 'நே, நே'ன்னு நாலு தடவை சொன்னா."

எங்கள் மொழியில் 'நே' என்றால் ஆமாம். நான் மாரிட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிவந்து, "எங்கள் மொழியில் 'நெய்' என்றால் இல்லை. பதற்றத்தில் அதுதான் வாயில் வந்தது" என்றாள்.

பான்டெலிஸ் எழுந்தார். "டேய், அம்பது வருசம் முன்னாடியே எங்களுக்கு அந்த வார்த்தை தெரியும். வார்த்தை தெரியலன்னாலும் மூஞ்சி தெரியும். கதவைப் பாத்துக்கிட்டே நிக்கற பொண்ணு ஆமாம்னா சொல்லுவா? ஈட்டிகளோட மானத்தையே வாங்கிட்டியேடா!"

"நீ போய் பல்லைத் தேய், கெழவா!"

அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அது மாடிக்கே கேட்டுவிட்டது. மாடியில் இருப்பவர் ஆரிஸின் அம்மா ஸ்தமாத்தியா. மதியத் தூக்கம் கலைந்து, வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். மாரிட்டின் முகத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"சாவி."

"அம்மா, அது வந்து—"

"இழுப்பறைச் சாவி."

உள்ளே மூன்று பாஸ்போர்ட். மூன்றும் பெண்களுடையவை. ஸ்தமாத்தியா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மாரிட் கப்பலைப் பிடித்துவிட்டாள். லெமோனியா கட்டிப்பிடித்ததில் அவள் முதுகில் இரண்டு மாவுக் கைத்தடங்கள். மற்ற இரண்டு பாஸ்போர்ட்டையும் அந்தப் பெண்களின் அறைக்கே தேடிப்போய்க் கொடுத்தேன். போன வருடத்து இரண்டு பேரை எங்கே போய்த் தேடுவது?

ஜூலை 9

மேயர் கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த வருடம் தகவல் மையத்துக்கு 'கொஞ்சம் சின்ன வயசு ஆளா' பார்க்கிறாராம். எனக்கு நாற்பத்து நாலு. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். சொன்னதற்கு மேல் ஒரு வேலை செய்தேன், வேலையே போச்சு. போகட்டும். போகட்டுமா? குளிர்காலத்துக்கு என்ன செய்வேன்?

ஜூலை 12

ஸ்தமாத்தியா தகவல் மையத்துக்குள் வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்து எழுந்து நின்றேன். எதிரே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டறிக்கையை எழுத்து விடாமல் படித்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே, பொண்ணே. வெயில்ல தொப்பி போடணும்னு யாருக்குத்தான் தெரியாது?"

மேயர் பேனாவால் அடித்த தாளை எடுத்துக் கொடுத்தேன். அதையும் படித்தார். பாஸ்போர்ட் வரியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"இதை அடிச்சது என் தம்பியா?"

நான் அறிக்கைக் கட்டை நேராக அடுக்கினேன். தாளோடு மாடி ஏறி மேயர் அறைக்குப் போனார். இருபது நிமிடம் எனக்கு மேலே கூரை அதிர்ந்தது. கேட்டதில் புரிந்தது ஒன்றுதான்: "உனக்குச் சோறு ஊட்டி வளத்தவ நான்!"

ஜூலை 20

புது அறிக்கை வந்துவிட்டது. பதினொரு குறிப்பும் இருக்கிறது. என் எண் அச்சிலேயே.

ஆகஸ்ட் 6

ஸ்கூட்டர் கடைக் கல்லாவில் இப்போது ஸ்தமாத்தியா. நகல் எடுத்ததும் பாஸ்போர்ட்டைக் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார், கூடவே ஒரு எள் பிஸ்கட். ஆரிஸ் பின்கட்டில் வண்டி கழுவுகிறான். என்னைக் கண்டால் குழாயை இன்னும் வேகமாகத் திறக்கிறான்.

மேயர் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் அடுத்த வருட ஒப்பந்தம் கையெழுத்தோடு மேசைக்கு வந்திருந்தது. யார் கொடுத்து அனுப்பியது என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 3

பதினொரு மணி இருக்கும், ஸ்தமாத்தியா அழைத்தார்.

"அர்கிரோ, இங்க ஒருத்தன் வண்டி எடுக்க வந்தான். அம்பது வயசு இருக்கும். வரிசையில முன்னாடி நிக்கற பொண்ணை, எந்த ஊரு, தனியாவா, எங்க தங்கியிருக்கேன்னு விடாம நோண்டறான். வேண்டாம்னு ரெண்டு தடவை சொல்லிட்டா. நான் எதிர்லயே இருக்கேன், பாத்துட்டேன்."

"அந்தப் பொண்ணு எங்க?"

"வண்டி குடுத்து அனுப்பிட்டேன். இப்பதான் கிளம்பினா. நகல் எடுக்கறதுக்கு இவன் பாஸ்போர்ட்டை வாங்கினேன். என் கையிலதான் இருக்கு. நின்னு கத்தறான். எவ்வளவு நேரம் வெச்சுக்கலாம்?"

"சட்டப்படி ஒரு நிமிசம்கூட வெச்சுக்கக் கூடாதும்மா."

"சட்டம் எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம்னுதான் கேட்டேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அவ மலைத் திருப்பம் தாண்டற வரைக்கும்" என்றேன்.