மேலே தனியாக நின்ற இரண்டு பொட்டுகள்

இன்று காலை ஆய்வகத்து அலமாரியைத் துடைக்கும்போது, கண்ணாடிக் கதவின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டைப் பார்த்தேன். அரக்கு நிறம், வெயில் பட்டு வெளுத்திருந்தது. நகத்தால் சுரண்டப் போன கையை எடுத்துக்கொண்டேன். அது நீ ஒட்டியது.

ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைக்கிறதா என்று நாம் இருவரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மற்றவர்கள் சராசரி எடுத்து, அதைக் கணினியில் ஒரு தூணாக வரைந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நீயோ காந்திபுரத்தில் பொட்டு அட்டை வாங்கி வந்து, சார்ட் பேப்பரில் எலிக்கு ஒரு பொட்டாக, அதன் சர்க்கரை அளவுக்கு நேராக ஒட்டுவாய். "தூணுக்குள்ள யாரு ஒளிஞ்சிருக்காங்கன்னு தெரியோணுமில்ல கண்ணு" என்பாய். உனக்குக் கிறுக்கு என்று நான் கேலி செய்வேன்.

பொட்டுகள் கீழே இறங்கிக் கூட்டமாக நின்றன. இரண்டு மட்டும் மேலேயே நின்றன. அந்த எலிகளுக்குச் சாறு கேட்கவேயில்லை, சர்க்கரை இறங்கவில்லை. துறைத்தலைவர் வந்து பார்த்தார். "ஏனுங்க மேடம், அந்த ரெண்டை மட்டும் எடுத்துப்போட்டா படம் பளிச்சுனு இருக்குமுங்க." கழுத்தை அறுக்கிற பேச்சைக்கூட நம்மூரில் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள்.

நீ அசையவில்லை. "நாளைக்கு மருந்து கேக்காத ஒரு ஆளு வந்து நின்னா, உங்களாட்ட யாருமே இல்லீங்கன்னு சொல்றதுங்களா சார்?"

பிறகு நீயே அப்படி நின்றாய். "இந்த மருந்து பெரும்பாலும் எல்லாருக்கும் கேக்குமுங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். உனக்குக் கேட்கவில்லை. வேறு யாருக்கெல்லாம் கேட்கவில்லை, அவர்களுக்கு என்ன ஆனது என்று கட்டுரை கட்டுரையாகத் தேடினோம். எங்கும் தூண்கள்தான். "பாரு கண்ணு, என்னையும் எடுத்துப்போட்டாங்க" என்று படுக்கையில் கிடந்தபடி சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

நீ போன பிறகு, நம் கட்டுரை இப்போதுதான் தயாரானது. மதியம் துறைத்தலைவர் மறுபடி ஆரம்பித்தார். "அந்த ரெண்டும் இருந்தா பேப்பர் ஓடாதுங்க. உங்க புரமோஷனும் இதுலதான் இருக்குதுங்க."

"ஓடலீன்னா நடந்து போகட்டுங்க சார்" என்றேன். உன் வாய் எனக்கும் வந்துவிட்டது.

அப்படியானால் கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

மாலையில் இதழுக்கு அனுப்பிவிட்டேன். படத்தில் எல்லாப் புள்ளிகளும் இருக்கின்றன. ஒவ்வோர் எலியின் அளவையும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் பொதுவில் ஏற்றியிருக்கிறேன். உன் பெயர்தான் முதலில். திருப்பி அனுப்பினால் வேறு இதழுக்கு அனுப்புவேன், அவர்களும் திருப்பினால் இன்னொன்றுக்கு.

நீ விட்டுப்போன பொட்டு அட்டை என் கைப்பையில் இருக்கிறது. நாளை அடுத்த கூண்டு எலிகளுக்குச் சாறு கொடுக்கத் தொடங்குகிறேன். மேலே எத்தனை நின்றாலும் ஒட்டுவேன்.