வலப்பக்கம் திரும்பாத கழுத்து

நகரி

அன்பு மகள் அகிலாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த மனுஷனுக்குக் காகிதம் எதற்கு என்று சிரிப்பாய். அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாளே, அவள் எதிரில் சொல்ல முடியாத சங்கதி இது. மெல்போர்னுக்குத் திரும்பும் கோவர்த்தனன் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், பேத்திக்கு முறுக்கும் இருக்கிறது, பையன் வழியில் தின்றுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்.

என் கழுத்து வலியைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். உண்மையில், உன் தம்பி எழிலரசன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்குப் போகிற வழியில் லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து என் கழுத்து வலப்பக்கம் திரும்புவதில்லை. இரண்டு விசைத்தறிக்கு நடுவில் நின்று ஓட்டுகிறவனுக்குக் கழுத்துதானே வேலை செய்கிறது, வலப்பக்கத் தறியில் நூல் அறுந்தால் மொத்த உடம்பையும் திருப்பிப் பார்ப்பதற்குள் துணி பாழாகிவிடும். இனி ஒரு தறியோடு நிறுத்திக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அம்மா எலும்புக் கட்டு வைத்தியத்துக்குப் புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள், அங்கே தடவிப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை, கட்டு வேண்டாம், திருப்பதியில் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் சிவசங்கரி என்று ஒரு பிசியோதெரபி பெண், உன் வயதுதான் இருக்கும். நெற்றியில் பட்டை கட்டி அதில் தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்றைப் பொருத்தி, பிடரிக்குக் கீழே முதுகில் இன்னொன்றை ஒட்டினாள், தலையைத் திருப்பத் திருப்ப எதிரே கம்ப்யூட்டரில் கோடு ஏறி இறங்கியது, என்னை மாட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. மேலே, கீழே, இடப்பக்கம் எல்லாம் ஓரளவு ஏறியது. வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பாருங்கள் என்றாள். கோடு கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது, எனக்கு வியர்த்துக் கொட்டியது, தெலுங்கிலும் சொன்னாள் தமிழிலும் சொன்னாள், எந்தப் பாஷைக்கும் கழுத்து அசையவில்லை. அந்த நேரம் பார்த்து, எனக்குப் பின்னால் கதவுப் பக்கம் எந்தப் பையனோ தன் அப்பாவைத் தேடிக்கொண்டு நைனா என்று கூப்பிட்டான். என் கழுத்து வலப்பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டது. கோடு உச்சிக்குப் போய்விட்டது. சிவசங்கரிக்கு ஒரே சந்தோஷம், உங்கள் கழுத்தில் எதுவும் பூட்டிக்கொள்ளவில்லை, திருப்பத்தான் பயப்படுகிறீர்கள், ரொம்ப நாள் வலித்தவர்களில் நிறையப் பேருக்கு இப்படித்தான் என்றாள். அங்கே யாரோ பெற்ற பிள்ளை நின்றிருந்தான்.

அகிலா, நீ வந்து சேர்வதற்குள் தம்பியை எடுத்துவிட்டோம், அதனால் இது உனக்குத் தெரியாது. கல்யாணமாகாத பிள்ளைக்குக் கொள்ளி நான்தான் வைத்தேன். குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்ததும் உன் பெரியப்பா செங்கல்வராயன் என் முதுகில் கை வைத்து, "திரும்பிப் பாக்காம நட" என்றார். திரும்பினால் போனவன் வீடு வரைக்கும் கூடவே வந்துவிடுவான் என்பதுதானே வழக்கம். என் வலது தோளுக்குப் பின்னால் அவன் எரிந்துகொண்டிருந்தான். அவன் கூப்பிட்டது போலவே இருந்தது, நான் நடந்தேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் யாரோ நின்றுகொண்டே இருக்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது அகிலா.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் போய் வேண்டிக்கொள்ளலாம் என்பாள் என்று நினைத்தேன். புத்தூர் தாண்டியதும், "கூட வந்தா வரட்டுமே, எம் புள்ளதான. நீ திரும்பிப் பாரு" என்றாள்.

சிவசங்கரி சொன்ன பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறேன். உடம்பு திரும்பாமல் கழுத்து மட்டும் திரும்ப வேண்டும், அதற்காக அம்மா எதிரில் நின்று என் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வந்துகினு கீறானா?" என்று கேட்கிறாள். முதல் நாள் யாருமில்லை என்றேன், அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. மறுநாளிலிருந்து வருகிறான் என்று சொல்கிறேன். போன வாரம் மறுபடியும் சென்சார் கட்டிப் பார்த்தார்கள், கோடு நன்றாக ஏறியிருக்கிறது, சீக்கிரம் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றாள் சிவசங்கரி. இதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை அவள் கேட்பதற்கு முன்பே, வருகிறான் என்று என் வாய் சொல்லிவிட்டது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். குளிரில் பேத்திக்குக் காது மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஊருக்கு வரும்போது பின்னாலிருந்து நைனா என்று கூப்பிடாதே அம்மா, முன்னால் வந்து நில்.

உன் நைனா,
வரதராஜன்