மூக்குத் தடம்

புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். ஆனால் உன் கையெழுத்து வரிக்கு வரி கீழே சரிந்து, கடைசி வரி தாளை விட்டே இறங்கப் பார்க்கிறது. ஓடுகிற ஜீப்பில் உட்கார்ந்து எழுதினாயா? அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேமராவின் ஷட்டர் போய்விட்டது என்று படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எட்டு வருஷமாக அதைப் பிழிந்தெடுத்தாய், பாவம் அதுவும்தான் என்ன செய்யும்? வாராவாரம் சாமான் வாங்க இங்கே வருகிற ஜீப் டிரைவரிடம் அதைக் கொடுத்தனுப்பு. மெமரி கார்டும் உள்ளேயே இருக்கட்டும், வழக்கம்போல நானே படங்களைப் பிரித்து வைக்கிறேன். புது ஷட்டர் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் மங்கலாகத் தெரிகிறது என்று மறுபடியும் ஆரம்பிக்காதே. போன வருஷம் இரண்டு தடவை அக்கக்காகக் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

புதுக் கேமராவுக்கு வருகிறேன். எங்கள் கேமரா சர்வீஸ் கடை முதலாளி லென்ஸ் இல்லாத இரண்டு கேமரா பாடிகளை என் மேஜையில் வைத்துவிட்டு, "உன் தம்பிக்கு எது வேணுமோ எடுத்துக்கோ, ஆனா சீக்கிரம் சொல்லு, என் தலையைத் தின்னாதே" என்றார். இரண்டின் பெயரும் வெறும் எண்ணும் எழுத்துமாக இருப்பதால் நானே பெயர் வைத்துவிட்டேன். ஒன்று குண்டு, இன்னொன்று குச்சி.

குண்டுக்கு வெளிச்சத்தைப் படமாக்குகிற சென்சார் பெரியது. வெளிச்சம் குறைந்தாலும் படம் சுத்தமாக வருகிறது. கண்ணை வைத்தால் உள்ளே குட்டி டிவி மாதிரி பளிச்சென்று தெரிகிறது, இருட்டு மூலையைக்கூட வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. குச்சிக்குச் சின்ன சென்சார். மாலை வெளிச்சத்தில் படம் கொஞ்சம் பொரிப் பொரியாக வரும், வியூஃபைண்டரும் சின்னது. ஆனால் உன் பழைய லென்ஸையே இதில் மாட்டினால், தூரத்தில் இருப்பது ஒன்றரை மடங்கு பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டுமே சத்தம் போடாது. உன் மாமா இரண்டையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு நாயைப் படம் பிடிக்கப் போனார். குண்டில் வால் மட்டும் விழுந்தது, குச்சியில் வாலும் ஒரு காலும் விழுந்தன. அவர் வோட்டு குச்சிக்கு.

என் வோட்டும் அதற்குத்தான். இருபது மீட்டரில் நின்று எடுக்கிற படத்தை அதில் முப்பது மீட்டரில் நின்று எடுக்கலாம். சிறுத்தைக் கணக்கெடுப்புக்குக் குட்டிகளின் உடம்புப் புள்ளிகள் தெளிவாக விழவேண்டும் என்கிறார்கள், சரி. ஆனால் குட்டி போட்ட சிறுத்தைக்கு முன்னால் நிற்கப் போவது நீ. அந்தப் பத்து மீட்டர் எனக்கு வேண்டும். யோசித்து எழுது. உன் வீட்டுக்காரியும் மகளும் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். நீ வந்ததும் பழக்கித் தருவாய் என்று உன் மகள் சைக்கிளைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறாள்.

பத்திரமாக இரு. பக்கத்தில் போகாதே.

அன்புடன்
அக்கா


வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நான் எழுதியதற்கு உன் பதில் கடிதமும் பழைய கேமராவும் இன்று மத்தியானம் வந்து சேர்ந்தன. டிரைவர் டீ குடித்துவிட்டுச் சாமான் வாங்கப் போயிருக்கிறார். அவர் நாளைக் காலை கிளம்புவதற்குள் இதை முடிக்க வேண்டும்.

குண்டுதான் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சரி, காரணம் என்ன? ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் வியூஃபைண்டர் எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன கேமரா வாங்கும்போது எடை, பட்டன், பேட்டரி, மழைத் தண்ணீர் என்று என் உயிரை எடுத்தவன் நீ. இந்த முறை கண்ணை வைக்கிற ஓட்டையைத் தவிர வேறு எதுவும் உனக்கு முக்கியமாகப் படவில்லை.

இன்னொரு விஷயம். எந்தக் கேமரா வந்தாலும் திறப்பதற்கு முன் வெளிப்புறத்தை விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பது என் வழக்கம். கீறல் இருக்கிறதா, யார் எப்படிப் பிடித்தார்கள் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வலது கண்ணால் பார்க்கிறவருடைய மூக்கு, பின்பக்கத் திரையில் இடது பாதியில் படும். இடது கண்ணால் பார்க்கிறவருடைய மூக்கு வலது பாதியில் படும். எட்டு வருஷமாக உன் மூக்குத் தடத்தை நான் இடது பக்கத்தில்தான் துடைத்திருக்கிறேன். இன்று அது வலது பக்கத்தில் இருந்தது. அப்பிக்கொண்டு இருந்தது, ஒருநாள் இரண்டுநாள் அழுக்கு இல்லை. ஏன் கண்ணை மாற்றினாய்?

எனக்கு மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். மழுப்பாமல் எழுது. ஷட்டர் போன அந்தக் கடைசி நாளில் குட்டியைப் படம் எடுத்தபோது எவ்வளவு தூரத்தில் இருந்தாய்? தாய் எங்கே இருந்தது? கடைசியாகக் கண் டாக்டரிடம் எப்போது போனாய்? அப்பாவுக்கு வந்த கண் அழுத்த நோய் பிள்ளைகளுக்கும் வரலாம், நாற்பது தாண்டினால் வருஷம் ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நான் போன மாதம்கூடப் போய்வந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. நீயும் போய்க்கொண்டுதான் இருப்பதாக ஒவ்வொரு வருஷமும் சொன்னாய். சீட்டு இருந்தால் அனுப்பு.

உன் கார்டில் உள்ள படங்களைப் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது எதுவும் எழுதப் போவதில்லை. நீ முதலில் சொல்.

பதில் வரும்வரை கேமரா எதையும் அனுப்பவில்லை. உங்கள் காட்டு ஸ்டேஷனில் இருக்கும் ஓட்டைக் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


அடுத்த வியாழக்கிழமை, சாயங்காலம்

என் அருமைத் தம்பிக்கு,

ஒரு வாரம் காத்திருந்த பிறகு இன்று ஜீப்பில் உன் பதில் வந்தது. வலது கண்ணில் தூசி விழுந்ததாம், அதனால் பத்து நாளாக இடது கண்ணாம். நாற்பது மீட்டருக்குக் குறையாமல் நின்றாயாம். தாய் வேட்டைக்குப் போயிருந்ததாம், குட்டி மட்டும்தான் இருந்ததாம். டாக்டர் சீட்டு வீட்டில் எங்கோ இருக்கிறதாம். யாருக்கடா காது குத்துகிறாய்?

படத்தோடு சேர்ந்து நேரம், தூரம் எல்லாம் பதிவாகும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன் கார்டுகளை நான் பிரிக்கும்போது அதையெல்லாம் பார்ப்பேன் என்று நீ நினைக்கவில்லை. நாற்பது இல்லை, பதினான்கு மீட்டர். போன வருஷத்துப் படங்களை எடுத்துப் பார்த்தேன், முப்பத்தைந்துக்குக் குறைந்து ஒன்றும் இல்லை. மாதத்துக்கு மாதம் நெருங்கிக்கொண்டே போயிருக்கிறாய். தைரியம் கூடி நெருங்கவில்லை, தூரத்தில் தெரியாமல் நெருங்கியிருக்கிறாய்.

தாய் வேட்டைக்குப் போகவில்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். நடுவில் குட்டி இருக்கிறது, அழகாக எடுத்திருக்கிறாய், மீசைகூட எண்ணலாம். இப்போது தலையைத் திருப்பி வலது மூலையைப் பார். புல்லுக்குள் இரண்டு காது தெரிகிறதா? வரிசையாகப் பதினோரு படத்தில் அவள் இருக்கிறாள். முதல் படத்தில் காது மட்டும். ஐந்தாவதில் நெற்றி. ஒன்பதாவதில் தோளை இறக்கிப் பதுங்கிவிட்டாள். நீ குட்டியையே பார்த்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாய். அவள் உன்னையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பதினோராவது படம் பாதிதான் விழுந்திருக்கிறது. ஷட்டர் அங்கேதான் சிக்கியது. மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதியில் மூலையில் அவள் வாயும் முன்னங்காலும். கேமரா நின்றுபோனதால்தான் நீ எரிச்சல்பட்டுக்கொண்டு எழுந்து நடந்திருக்கிறாய். ஷட்டர் போன செய்தியைப் படித்து நான் சிரித்தேன் அல்லவா? அந்தப் படத்தைப் பார்த்ததும் வேலை மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாளி ஓடிவந்து, "என்னம்மா ஆச்சு, கரண்ட் அடிச்சிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஷட்டரை நான் மாற்றப் போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

என் மேல்தான் எனக்கு முதல் கோபம். மங்கலாகத் தெரிகிறது என்று நீ இரண்டு தடவை சொன்னாய். ஒரு குறையும் இல்லாத கேமராவை இரண்டு தடவை திறந்து, துடைத்து, மூடி, எதுவும் இல்லை போ என்று உன்னைத் திட்டி அனுப்பினேன். இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். கேமராவில் குறையில்லை என்றால் பார்க்கிற கண்ணில் குறை இருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லையே, தம்பி.

அப்பாவின் ரொட்டி வேன் உனக்கு ஞாபகம் இருக்கும். பின்னால் தட்டுகளுக்கு நடுவில் நாம் இருவரும் குந்தியிருப்போம். முன்னால் பக்கத்து சீட்டில் அம்மா. கூடைகளை எண்ணுவதற்காக வருகிறாள் என்றுதான் நாம் நினைத்தோம். வழியெல்லாம், "ஆள் வருது... சைக்கிள் வருது... மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவள் வாய் சும்மா இருக்காது என்று நாம் சிரிப்போம். ஓரத்தில் வருவது அப்பாவுக்குத் தெரியாது, அவள்தான் அவருக்குப் பக்கக் கண்ணாக இருந்தாள் என்பது, அவள் காய்ச்சலில் படுத்த அந்தக் காலைக்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்தது. வேன் இடித்த அந்த சைக்கிள்காரர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு நேராக நடக்கவில்லை. அப்பா அன்றைக்கு நிறுத்திய பேச்சை அப்புறம் முழுசாகப் பேசவே இல்லை. வேலை போய்விடும் என்று பயந்து மறைத்தார். அம்மா அவர்மேல் இருந்த பாசத்தில் கூட நின்று மறைத்தாள்.

நீயும் அதே பயத்தில்தான் மறைக்கிறாய். எனக்குப் புரிகிறது. புலப்படாத மிருகத்தைக் கண்டுபிடிக்கிறவன் என்று உன்னை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கண் போனால் நீ யார் என்று உனக்கே தெரியவில்லை. குண்டின் பளிச்சென்ற வியூஃபைண்டர் கிடைத்தால் இன்னும் ஒரு சீசன் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அதைக் கேட்டபடி அனுப்பினால் நான் அம்மாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகும். மாட்டேன். குச்சியை அனுப்பினாலும் பிரயோஜனம் இல்லை. பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் மூலையில் இருப்பது உனக்குத் தெரியப் போவதில்லை.

அதனால் இரண்டையும் அனுப்பவில்லை. இரண்டும் என் மேஜையில் துணி போர்த்தி இருக்கின்றன. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இன்னும் ஒரு வாரம் கொடுத்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். போன பார்வை திரும்பாது, ஆனால் இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்தாலேயே பிடித்து நிறுத்த முடியலாம், ஒரு மாதம் தள்ளினாலும் நஷ்டம் உங்களுக்குத்தான் என்றார். அதற்குப் பிறகு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டையும் எடுத்து வலது கண்ணில் ஒரு தடவை, இடது கண்ணில் ஒரு தடவை வைத்துப் பார். எதைத் தொடுகிறாயோ அதைத் துடைத்துக் கையில் தருகிறேன். ஒன்றும் வேண்டாம் என்று கீழே வைத்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. ஸ்டேஷனில் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. அதை நீயே சொல்வதுதான் மரியாதை என்று விட்டிருக்கிறேன். உன் மேல் கோபம் தலைக்கு மேல் இருக்கிறது. அதை நீ வந்த பிறகு நேரில் கொட்டிக்கொள்கிறேன். சைக்கிள் வேறு துடைத்துத் துடைத்துத் தேய்ந்துபோகிறது.

டிரைவரிடம் பேசிவிட்டேன். சாமான்களை இறக்கிவிட்டு ஒருவாரம் காத்திருக்காமல், சனிக்கிழமை காலையே உன்னை ஏற்றிக்கொண்டு திரும்புவதாகச் சொன்னார். "வரமாட்டேன்னு அடம் பிடிச்சா?" என்று கேட்டார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால் வருவான் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், கண்ணே. அங்கே உன் பக்கத்தில் உட்கார்ந்து, வருது வருது என்று சொல்ல அம்மா இல்லை. ஜீப்பில் ஏறிவிடு.

உன் வழியையே பார்த்திருக்கும்
அக்கா